இடைச்செருகலும் எரிதமும்: தமிழ் விக்கிப்பீடியாவின் நீக்கல் முறை குறித்து ஒரு மதிப்பீடு

நூலாசிரியர் எழுதாததைப் பிறர் நூலுள் நுழைப்பதைப் பதிப்பியல் 'இடைச்செருகல்' என்கிறது. கம்பராமாயணத்துள் அவ்வாறு புகுந்தவற்றை 'வெள்ளி பாடல்கள்' எனப் புலவர் மரபு சுட்டியது. எவரும் தொகுக்கலாம் என்னும் அடிப்படையில் 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் மூல ஆசிரியர் என ஒருவர் இல்லை. ஆகவே அங்குக் களையத்தக்கது எது என்பதை எழுதியவரைக் கொண்டன்றி, எழுத்தின் தன்மையைக் கொண்டே முடிவு செய்ய வேண்டியுள்ளது. விளம்பர நோக்கில் நுழைக்கப்படுவதை விக்கிப்பீடியர் 'எரிதம்' என்பர்.

எரிதத்தை இருவகையாகப் பகுக்கலாம். முதலாவது, தேடுபொறித் தரவரிசையை உயர்த்த இடப்படும் வெளியிணைப்புகள். இவற்றை மென்பொருளே பெரிதும் எதிர்கொள்கிறது. விக்கிமீடியத் திட்டங்களுக்குப் பொதுவான தடைப்பட்டியலில் உள்ள இணைய முகவரியைச் சேர்த்தால் அத்தொகுப்பைச் சேமிக்க இயலாது. வெளியிணைப்புகளைத் தரவரிசைக்குக் கணக்கிட வேண்டா எனத் தேடுபொறிகளுக்கு உணர்த்தும் 'நோஃபாலோ' குறி 2007-இல் ஆங்கில விக்கிப்பீடியாவிலும் நடைமுறைக்கு வந்தது.

இரண்டாவது, உரைநடை எரிதம். காட்டுப்பாக்கம் போன்ற சென்னைப் புறநகர் பற்றிய கட்டுரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 'இவ்வூரில் தனியார் பள்ளிகள் உள்ளன' என்பது தகவல். 'ஈடு இணையற்ற கல்வி வழங்கும் பள்ளி' என்பது விளம்பரம். பின்னதில் இணைப்பு ஏதுமில்லை. முகவரிப் பட்டியல் அதனைத் தடுக்காது. சொல்வடிகட்டி அமைப்பினும், 'ஈடு இணையற்ற' என்னும் தொடர் புலவர் ஒருவர் பற்றிய கட்டுரையிலும் இயல்பாக வரக்கூடும். சூழலறிந்து படிப்பவரே வேறுபாட்டை உணர்வர். எரித எதிர்ப்பின் கடினமான பகுதி, ஆக, பாடத் திறனாய்வே.

இந்நோக்கில் பார்க்க, நடைமுறையில் ஒரு குறை புலப்படுகிறது. ஒரு பத்தியை நீக்கினால் முந்தைய வடிவம் வரலாற்றுப் பக்கத்தில் எவரும் காணுமாறு நிற்கிறது. முழுப்பக்கமும் நீக்கப்பட்டாலோ, அதன் உரையை நிருவாகிகள் மட்டுமே காண இயலும். பிறருக்கு எஞ்சுவது நீக்கல் பதிவிலுள்ள சுருக்கக் குறிப்பே. கம்பராமாயணப் பதிப்புகளிலோ ஐயத்துக்குரியவை 'மிகைப்பாடல்கள்' எனத் தனியே அச்சிடப்பட்டன. அதனால்தான் பதிப்பாசிரியரின் முடிவைப் பின்வந்தோர் சோதிக்க முடிகிறது.

நீக்கிய விளம்பரத்தைப் பொதுவில் வைத்தால் விளம்பரதாரரே பயனடைவர் என்னும் மறுப்பு வலுவானது. ஆயினும் உரையை வெளியிடாமலே காரணத்தை விளக்கலாம். எத்தொடர் விளம்பரத் தன்மையுடையது, எக்கூற்றுக்குச் சான்றில்லை என்பதைப் பதிவுசெய்தால் போதும். 'விளம்பரம்' என்னும் ஒற்றைச் சொல் அதற்கு ஈடாகாது. தன் ஊரைப் பற்றி முதன்முதலாக எழுத வந்தவரின் கட்டுரை தவறுதலாக நீக்கப்படின், அவர் எதை மறுத்து வாதிடுவது?