கனோசாக் கோட்டை வாயில்

உரோமைத் திருச்சபைத் தலைவரைப் பாப்பரசர் எனத் தமிழில் வழங்குதல் உண்டு. அச்சொல்லினுள் 'அரசர்' கலந்து நிற்றல் நோக்கற்பாலது. அக்கலப்பின் இடர் ஏழாங் கிரகோரியார் வரலாற்றில் விளங்கும்.

அவர்தங் கடித ஏட்டில், 1075-ஆம் ஆண்டுப் பகுதியில், 27 சிறு வாக்கியங்கள் உள. பேரரசரையும் பாப்பரசர் பதவி நீக்கலாம் என்பது பன்னிரண்டாவது. தீயோர்க்குச் செய்த ஆணையினின்று குடிகளை விடுவிக்கலாம் என்பது இறுதியது. ஏதுவும் எடுத்துக்காட்டுமின்றி மேற்கோள் மாத்திரையே நிறுவும் இதனைத் தருக்க நூலார் யாங்ஙனம் ஏற்பர்? ஆயர் பதவி விலைபோன இழிவை ஒழிக்க அவர் முயன்றது மெய்யே. கொண்ட கருவியே ஆராய்தற்குரியது.

ஆயரை நியமிக்கும் உரிமைபற்றி ஜெர்மானிய வேந்தர் நான்காம் ஹென்றி அவரோடு மாறுபட்டார். 1076-இல் வோர்ம்ஸ் நகரிற் கூடிய ஆயர்களோடு சேர்ந்து, கிரகோரியார் பதவியிழந்தார் என்றார். கிரகோரியாரோ வேந்தரைச் சபைக்குப் புறம்பாக்கிக் குடிகளின் ஆணையையும் அவிழ்த்தார். பிரபுக்கள் விலகவே, 1077 ஜனவரியில் வேந்தர் ஆல்ப்ஸ் மலை கடந்து, கனோசாக் கோட்டை வாயிலில், பனியில், வெறுங்காலராய் 3 நாள் நின்றார்.

மறுப்பின் அரசியல் ஊதியமுண்டு. மன்னிப்புவேண்டி நிற்பானை மறுத்தல் குருவுக்குத் தகாது. இருதலைக் கொள்ளி எறும்புபோல் உழன்ற கிரகோரியார் இறுதியில் மன்னித்தார். அரசியலார் அதனைப் பிழையென்ப. அவர் வாழ்வில் உயர்ந்த செயல் அதுவேயென்க.

1080-இல் அவர் மீண்டும் அவ்வாறே விலக்க, முன்போல் அஞ்சினார் இலர். 1084-இல் வேந்தர் உரோமையைக் கைக்கொண்டார். மறு ஆண்டு கிரகோரியார் சலேர்னோவில் உயிர் நீத்தார்.