இரண்டு மெட்டுகளுக்கு நடுவே

"கச்சேரின்னா பாட்டுக் கேட்கத்தானே போகிறோம், நடுவில் பேச்சு எதுக்கு?" என்று கேட்பவர்கள் நம்மில் உண்டு. அயர்லாந்தின் மரபிசையை முதன்முதலாகக் கேட்பவர்களுக்கும் இந்தச் சந்தேகம் வரும். நாலைந்து பேர் பிடில், புல்லாங்குழல், அக்கார்டியன் சகிதம் சில நிமிடங்கள் அனல் பறக்க வாசிப்பார்கள். சட்டென்று நிறுத்துவார்கள். அப்புறம் பேச்சு, கிண்டல், ஒரே சிரிப்பு. அடுத்த மெட்டைத் தொடங்க யாருக்கும் அவசரமில்லை. இந்தப் பேச்சு இசைக்கு இடையூறா, இசையின் பகுதியா? பகுதிதான் என்பது என் கட்சி. ஆனால் எல்லாப் பேச்சும் அல்ல.

முதலில் இசையின் அமைப்பைப் பார்ப்போம். ரீல், ஜிக், ஹார்ன்பைப் எனப்படும் மெட்டுகள் நடனத்துக்குப் பிறந்தவை. பெரும்பாலும் இரண்டே பகுதிகள். ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்தால் ஒரு சுற்று. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இரண்டு மூன்று சுற்று வாசித்து, நிற்காமலே அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். நம் ராக ஆலாபனைபோல விரித்துச் சொல்ல அங்கே இடமில்லை. மெட்டு யாரிடமிருந்து வந்தது, எந்த ஊர்ப் பாணி, ஏன் இந்தப் பெயர் என்பதையெல்லாம் பேச்சுதான் சொல்ல வேண்டும். ஏட்டில் எழுதாத அடிக்குறிப்பு அது.

பெயர் விஷயமே பெரிய வேடிக்கை. ஒரு மெட்டுக்குப் பல பெயர். ஒரே பெயரில் பல மெட்டு. வாசித்தவரையே கேட்டாலும் "பேரா? தெரியலையே" என்பார். இசைத்தட்டு உறைகளில்கூட 'கன் அனிம்' என்று அச்சிடுவதுண்டு. ஐரிஷ் மொழியில் அதற்குப் 'பெயரில்லை' என்று பொருள். கால்வே மாவட்டத்துப் பேடி ஃபாஹி பல அருமையான மெட்டுகளைப் படைத்தவர். எதற்கும் பெயர் வைக்கவில்லை. எல்லாமே 'பேடி ஃபாஹியின் ரீல்', 'பேடி ஃபாஹியின் ஜிக்' தான். "எந்தப் பேடி ஃபாஹி?" என்று கேட்டால் வாசித்துக் காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை!

இந்தப் பேச்சையே கலையாக்கியவர்களும் உண்டு. இல்லன் பைப்ஸ் என்னும் துருத்திக் குழல் கலைஞர் ஷேமஸ் என்னிஸ் (1919–1982) 1940களில் ஊர் ஊராகப் போய் மெட்டுகளைச் சேகரித்தவர், நல்ல கதைசொல்லி. 'தங்க மோதிரம்' என்ற ஜிக்கை வாசிக்கும்போது, தொலைந்த மோதிரத்தைத் திருப்பித் தந்தவருக்குத் தேவதைகள் அந்த மெட்டையே பரிசாகக் கொடுத்த கதையைச் சொல்வார். கதை கேட்ட காதுக்கு மெட்டு வேறு மாதிரி கேட்கிறது. கிளேர் மாவட்டத்து டூலினில் டின் விசில் வாசித்த மைக்கோ ரஸ்ஸல் (1915–1994) நிதானமாக, எளிமையாக வாசிப்பார். வாசிப்புக்கு நடுவே அதே நிதானத்தில் பேசுவார். இவர்களுடைய பேச்சை நீக்கிவிட்டு மெட்டை மட்டும் எடுத்தால் பாதிதான் கிடைக்கும்.

அப்படி நீக்கப்பட்ட காலமும் உண்டு. ஸ்லைகோ மாவட்டத்திலிருந்து 1914இல் அமெரிக்கா போன பிடில் மேதை மைக்கேல் கோல்மன் 1920களிலும் 30களிலும் தட்டுகள் பதிவு செய்தார். ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். அதில் பேச்சுக்கு ஏது இடம்? அந்தத் தட்டுகள் கடல் கடந்து அயர்லாந்துக்கே திரும்பின. 1934இல் அவர் கோத்து வாசித்த மூன்று ரீல்களை இன்றும் பலர் அதே வரிசையில் வாசிக்கிறார்கள். தட்டு மேதைமையைக் காப்பாற்றியது, உண்மை. ஆனால் "இதை யாரிடம் கற்றாய்?" என்று தட்டிடம் கேட்க முடியாது.

அந்தக் கேள்விக்கு மறுபடி இடம் கொடுத்ததில் புலம்பெயர்ந்தவர்களுக்குப் பெரும் பங்குண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வேலை தேடி லண்டன் போன ஐரிஷ்காரர்கள் கேம்டன் டவுன், கென்டிஷ் டவுன் மதுவிடுதிகளில் கூடி வாசித்தார்கள். ஊரில் வீட்டுக்கூடத்திலும் நடனத்துக்கும் வாசித்த இசை, மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கும் 'செஷன்' ஆக வளர்ந்தது. அங்கே ஒருவர் கெரி, ஒருவர் ஸ்லைகோ, ஒருவர் கிளேர். "உங்க பக்கம் இதை எப்படி வாசிப்பீங்க?" என்ற பேச்சில்தான் தொலைவிலிருந்த ஊர்கள் ஒரே மேசைக்கு வந்தன. ஊரை விட்டு வந்து வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி மறுபக்கம். ஆங்கில நாடக மேடையில் 'மேடை ஐரிஷ்காரன்' என்றொரு பாத்திரம் சில நூற்றாண்டுகளாக உலவியது. குடிப்பான், உளறுவான், சிரிப்பு மூட்டுவான். வெளியூர் மேடையேறும் ஐரிஷ் கலைஞருக்கு அவனை மறுபடி ஆடிக்காட்டும் சபலம் வருவது இயல்பு, கைதட்டல் நிச்சயம். அங்கேதான் பேச்சு இசைக்குத் துரோகம் செய்கிறது. தன்னைத்தானே கிண்டல் செய்துகொள்ளும் கலைஞன் தன் மேதைமையை இறக்கிவைத்து மெட்டை உயர்த்துகிறான். தன் இனத்தையே கேலிப்பொருளாக்குபவன் மெட்டையும் சேர்த்துத் தாழ்த்துகிறான். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதே உரைகல்.

இந்த உரைகல்லில் தேறுபவராக கிளேரைச் சேர்ந்த பிடில் கலைஞர் மார்ட்டின் ஹேய்ஸைச் சொல்வேன். முகத்தில் சிரிப்பே காட்டாமல் நகைச்சுவையாகப் பேசுவார். அப்புறம் பிடிலைத் தோளில் வைத்தால் பேச்சு போன இடம் தெரியாது. டென்னிஸ் கேஹிலின் கித்தாரோடு 1999இல் வெளிவந்த சியாட்டில் கச்சேரிப் பதிவில் மெட்டுக்கு மேல் மெட்டாக ஒரே உருப்படி ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடுகிறது. மென்மையாகத் தொடங்கி மெல்ல மெல்லச் சூடேறுகிறது. கலகலப்பாகச் சிரிக்க வைத்த ஒருவரால்தான் ஒரு சபையை அவ்வளவு நேரம் மூச்சடக்கி உட்கார வைக்க முடியும் என்று தோன்றுகிறது.

அடுத்த முறை ஐரிஷ் இசை கேட்க வாய்த்தால், பேச்சு வரும் இடத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். மெட்டின் பிறந்த வீட்டு முகவரி அதில் இருக்கலாம்.