பழைய வானொலிக் கூடுகளின் மீட்டமைப்பு: பளபளப்பும் பாதுகாப்பும்

வால்வு எனப்படும் கண்ணாடிக் குழல்களால் இயங்கும் பழைய வானொலிப் பெட்டியில் மின்சுற்று ஒரு பாதி என்றால், அதைத் தாங்கி நிற்கும் மரக்கூடோ பேக்லைட் கூடோ மறுபாதியாகும். மின்சுற்றைப் பழுதுபார்ப்பதில் சரியையும் தவறையும் பிரித்தறிவது எளிது. ரேடியோ பாடினால் வேலை சரி, பாடாவிட்டால் தவறு. கூட்டைப் புதுப்பிக்கும் வேலைக்கு அப்படியொரு அளவுகோல் இல்லாததால் அந்த இடத்தைப் பளபளப்பு பிடித்துக்கொண்டது. கடையிலிருந்து அன்றே வந்ததுபோல் மின்னும் கூடே நன்றாக மீட்கப்பட்ட கூடு என்னும் கருத்து எந்த அளவுக்கு ஏற்கத்தக்கது, அது எதைக் காப்பாற்றுகிறது, எதை அழிக்கிறது என்பதை எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோயம்புத்தூரிலிருந்து மன்னார்க்காட்டுக்குச் செல்லும் சாலையில் தமிழ்நாடும் கேரளமும் தொடும் ஊரான ஆனைகட்டியும், அதற்கு மேற்கே விரியும் அட்டப்பாடியும் இந்த ஆய்வுக்குப் பொருத்தமான களமாகும். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமையும்வரை அட்டப்பாடி அடங்கிய பாலக்காடு மலபார் மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாநிலத்திற்குள் இருந்தது. 1938இல் தொடங்கிய சென்னை நிலையம், 1939இல் தொடங்கிய திருச்சி நிலையம், 1950இல் தொடங்கிய கோழிக்கோடு நிலையம், இலங்கை வானொலி ஆகியவற்றையெல்லாம் ஒரே முள்ளின் நகர்வில் தேடக்கூடிய இருமொழி எல்லைப்பகுதி இது. கோவைக்கெனத் தனி நிலையம் 1966இல்தான் வந்தது. கோவையைச் சேர்ந்த கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு ஐந்து வால்வு வானொலியை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று 1941இல் அறிவித்தது தனிச்செய்தியாகப் பேசப்பட்டதே, அன்று வானொலி சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருந்ததைக் காட்டுகிறது. அவ்வளவு விலை கொடுத்து வாங்கும் பொருள் கூடத்தில் வைக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பதால், உற்பத்தியாளர்கள் கூட்டை அறைகலனாகவே கருதினார்கள். மர்ஃபி நிறுவனத்திற்கு இங்கிலாந்தில் 1930களில் கூடுகளை வடிவமைத்த ஆர்.டி. ரஸ்ஸல் அறைகலன் வடிவமைப்பாளராகவும், எக்கோ நிறுவனத்தின் வட்டவடிவ பேக்லைட் பெட்டியை 1934இல் வடிவமைத்த வெல்ஸ் கோட்ஸ் கட்டடக் கலைஞராகவும் இருந்தது தற்செயல் அன்று.

மரக்கூடு பெரும்பாலும் முழுமரத்தால் ஆனதில்லை. பல அடுக்குப் பலகையான பிளைவுட்டை வளைத்து, அதன்மேல் வினியர் எனப்படும் மெல்லிய மரத்தகட்டை ஒட்டி, மேலே மெருகெண்ணெய் தெளித்து அது செய்யப்பட்டது. அக்கால ஒட்டுப்பொருட்களில் ஒன்றான வஜ்ஜிரம் விலங்குத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. ஈரம் பட்டால் இளகும். மரமோ ஈரக்காற்றில் இழைக்குக் குறுக்காக விரிந்து வறண்ட காற்றில் சுருங்கும். அட்டப்பாடியின் மேற்குப் பகுதி தென்மேற்குப் பருவமழையை நேரடியாக வாங்குவதும், ஆனைகட்டியை ஒட்டிய கிழக்குப் பகுதி மழைமறைவில் வறண்டு கிடப்பதும் மரத்தைப் பொறுத்தவரை சில மைல்களுக்குள் இரண்டு வேறு உலகங்களாகின்றன. மேற்கே வினியர் கொப்பளித்து எழுகிறது, கிழக்கே வெடித்துப் பிளக்கிறது; இரு பக்கமும் கறையானும் உளுவும் பொது எதிரிகள். ஆகவே ஒரு கூட்டின் கேட்டிற்குக் காரணம் ஈரமா, வறட்சியா, பூச்சியா என்று முதலில் அறியாமல் தொடங்கும் மீட்டமைப்பு, காரணத்தை உள்ளேயே விட்டுவிட்டு மேற்பரப்பை மட்டும் திருத்துகிறது.

இந்த வேலையின் நன்மைகள் உண்மையானவை. அவற்றை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். கூடு உளுத்துப்போனால் உள்ளிருக்கும் மின்சுற்று உதிரிப்பாகங்களாகப் பிரிந்து பழைய இரும்புக் கடைக்குப் போய்ச் சேர்கிறது. ஆகவே கூட்டைக் காப்பது பல நேரங்களில் பெட்டி முழுவதையும் காப்பதாகிறது. ஒலிபெருக்கி முன்பலகையில் இறுகப் பொருந்தியிருப்பதும், பலகைகள் அதிராமல் இருப்பதும் அப்பெட்டிக்கே உரிய கனமான ஒலிக்குத் தேவை என்பதால், விட்டுப்போன மூட்டுகளை மீண்டும் ஒட்டுவது கேட்கும் அனுபவத்தையும் மீட்கிறது. இவற்றுக்கு மேலாக, அரக்கைச் சாராயத்தில் கரைத்துத் துணிப்பொட்டலத்தால் பல மெல்லிய பூச்சுகளாகத் தேய்த்து ஏற்றும் பிரெஞ்சு பாலிஷ் என்னும் கைத்திறன், தெளிப்பான்களின் காலத்தில் உயிரோடு இருப்பதற்கு இத்தகைய பழம்பொருள் வேலைகள் ஓர் ஆதரவாக உள்ளன. அரக்கு இந்தியாவின் கிழக்கு மாநிலங்களில் பூச்சிகளிடமிருந்து கிடைக்கும் பொருள், எளிதில் கிடைப்பது. அதன் தலையாய குணம், பல ஆண்டுகள் கழித்தும் பெரும்பாலும் சாராயத்தில் மீண்டும் கரைவது. இன்று செய்ததை நாளை இன்னொருவர் நீக்க முடியும் என்னும் இந்த மீள்தன்மை பாதுகாப்பு அறிவியலின் முதன்மையான நெறிகளில் ஒன்று. ஈரத்தில் வெண்மையாகப் பூத்துவிடுவது அரக்கின் குறை. மேலே மெழுகு பூசுவதும் ஈரச்சுவரிலிருந்து தள்ளி வைப்பதும் அக்குறையைப் பெருமளவு தணிக்கும்.

குறைகள் தொடங்குவது உப்புத்தாளில். வினியரின் தடிமன் பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இயந்திரத்தில் தேய்த்தால் ஓரங்களில் சில நொடிகளிலேயே அது கரைந்து அடியிலுள்ள பிளைவுட் தெரியத் தொடங்கும். அதைவிட நுட்பமான இழப்பு நிறத்தில் நேர்கிறது. பல தொழிற்சாலைகள் மரத்திற்குச் சாயம் ஏற்றவில்லை. நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் என்னும் மெருகெண்ணெயிலேயே நிறமியைக் கலந்து தெளித்தன. ஓரங்களில் அடர்ந்தும் நடுவில் வெளிறியும் தெரியும் நிழலும், மலிவான மரத்தை விலையுயர்ந்த மரம்போலக் காட்டிய ஒப்பனையும் அந்த மெல்லிய படலத்திற்குள்தான் இருந்தன. பெயின்ட் ரிமூவர் ஊற்றி அதைச் சுரண்டி எடுத்த பின் தெளிந்த பாலிஷ் அடித்தால் கிடைப்பது அழகான மரப்பெட்டியாக இருக்கலாம். எந்தத் தொழிற்சாலையும் செய்யாத, எந்த வீட்டிலும் இருந்திராத பெட்டி அது. அதன்மேல் மெலமைன் அல்லது பி.யூ. (பாலியூரித்தேன்) பாலிஷ் ஏற்றப்பட்டால் தவறு நிலைத்துவிடுகிறது. இவை இறுகிய பின் எளிய கரைப்பான்களில் கரைவதில்லை, எனவே அடுத்த முறை வேலை செய்பவருக்கு மீண்டும் சுரண்டுவதைத் தவிர வேறு வழி இருக்காது.

பேக்லைட்டில் இதே தவறு வேறு வடிவில் நிகழ்கிறது. லியோ பேக்லாண்ட் 1907இல் கண்டறிந்த இந்தப் பிசின், மரத்தூளை நிரப்பியாகக் கலந்து அச்சில் அழுத்தப்படுவதால், பிசின் செறிந்த பளபளப்பான தோல் மேலேயும் தூள் மிகுந்த பொருள் உள்ளேயும் அமைகிறது. வெயிலும் ஈரமும் தோலைத் தின்ற பிறகு எவ்வளவு தேய்த்தாலும் அத்தோல் மீண்டும் வளராது. அழுத்தித் தேய்ப்பது நிரப்பியைத்தான் வெளியே கொண்டுவருகிறது. வாகன பெயின்ட் அடித்து மூடுவதோ பேக்லைட்டை அடையாளம் தெரியாத பிளாஸ்டிக்காக மாற்றுகிறது. அமெரிக்காவில் கேட்டலின் என்னும் வண்ணப் பிசினால் செய்த 1930கள், 1940களின் வானொலிகள் குறித்து எழும் வாதம் இங்கே வழிகாட்டுகிறது. காலப்போக்கில் மஞ்சளேறிய மேற்படலத்தைத் தேய்த்து நீக்கினால் உள்ளே பழைய நிறம் கிடைக்கும். தேய்க்காமல் விட்டால் அந்த மஞ்சளே பொருளின் வாழ்நாள் சான்றாக நிற்கும். இரண்டையும் ஒருசேரப் பெற இயலாது. இவற்றில் தேய்ப்பது மட்டுமே திரும்பப் பெற முடியாத செயல்.

கூட்டின் முகப்பில் காட்டும் அக்கறை அதன் முதுகுக்குக் கிடைப்பதில்லை. டயல் கண்ணாடியின் பின்புறம் அச்சிடப்பட்ட நிலையப் பெயர்கள் சோப்புத் தண்ணீரில் ஒரே துடைப்பில் அழிந்துவிடக்கூடும். எந்தெந்த ஊர்களின் குரலை இந்தப் பெட்டியில் கேட்கலாம் என்று உற்பத்தியாளர் கருதினார் என்பதற்கு அக்கண்ணாடியே ஆவணம். விற்ற கடையின் சிறு தகடு, பழுதுபார்த்தவர் பென்சிலால் எழுதிய குறிப்பு, 1980கள்வரை நடைமுறையில் இருந்த வானொலி உரிமத்தின் தொடர்பான சீட்டு ஆகியவை உட்புறப் பலகையில் ஒட்டியிருக்கக்கூடும். சுத்தம் என்னும் பெயரில் அவை கிழிக்கப்படும்போது பெட்டி தன் ஊரை இழக்கிறது. பாதுகாப்பு குறித்த பிழை இன்னும் தீவிரமானது. மின்மாற்றி இல்லாத ஏ.சி./டி.சி. பெட்டிகளில் உலோகச் சட்டம் நேரடியாக மின்கம்பியோடு இணைந்திருக்கும். குமிழ்களை இறுக்கும் சிறு திருகாணிகள் ஆழமாகப் புதைக்கப்பட்டு மெழுகால் அடைக்கப்பட்டதும், துளையிட்ட பின்மூடி பொருத்தப்பட்டதும் கை அச்சட்டத்தைத் தொடாதிருக்கவும் வால்வுகளின் வெப்பம் வெளியேறவுமே. அழகுக்காகப் பின்மூடியை நீக்குவதும், பித்தளைக் குமிழ் மாட்டி மெழுகை விட்டுவிடுவதும் உயிருக்கே ஆபத்தாகும்.

இல்லாமற்போன பகுதியை நிரப்பும் மரம் குறித்தும் ஓர் அறக்கேள்வி உள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம் அழகிற்குப் பெயர்பெற்றது. அதன் காரணமாகவே அழிவுக்கும் உள்ளானது. தமிழ்நாடு அதைக் காக்க 1994இல் தனிச்சட்டம் இயற்றியது. ஈட்டி உட்பட டால்பெர்ஜியா பேரினம் முழுவதன் பன்னாட்டு வணிகமும் 2017 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. ஒரு பெட்டியின் நான்கு அங்குல விரிசலை மறைக்க எங்கிருந்து வந்ததென்று தெரியாத ஈட்டித் தகட்டை வாங்குவது, பழையதைக் காக்கும் பெயரில் காட்டை இழப்பதாகும். உடைந்த பழைய அறைகலன்களிலிருந்து எடுத்த தகடும், நிறம் ஏற்றிய தேக்கு வினியரும் போதுமான மாற்றுகள்.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழுவது இயல்பு. வானொலி கோயில் சிற்பம் அன்று. வீட்டில் பயன்படும் பொருள். தாத்தா வாங்கிய பெட்டி பேரன் வீட்டுக் கூடத்தில் அழகாக நிற்க வேண்டும் என்னும் ஆசையை அருங்காட்சியக விதிகளால் அளக்கலாமா என்பதே அது. இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழைய கட்டடங்களை முழுமைப்படுத்த வேண்டும் என்று பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக் கூறியதும், அவ்வாறு செய்வது அழிவே என்று ஆங்கிலக் கலைத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் மறுத்ததும் இரு எல்லைகள். வானொலிக் கூடு இவற்றில் எதிலும் அடங்காது. முதலாவதை ஏற்றால் சான்று அழியும். இரண்டாவதை ஏற்றால் உளு தின்ற பெட்டி பரணிலேயே மடியும். இத்தாலிய அறிஞர் சேசரே பிராண்டி 1963இல் நூலாக்கிய கொள்கை நடுவழி ஒன்றைத் தருகிறது: நிரப்பிய பகுதி தொலைவிலிருந்து பார்ப்பவரின் கண்ணை உறுத்தக்கூடாது, அருகில் வந்து பார்ப்பவருக்கு மறைவாகவும் இருக்கக்கூடாது. இந்நெறி பயன்பாட்டுக்கும் சான்றுக்கும் ஒருசேர இடமளிப்பதால் வீட்டுப்பொருளுக்கும் பொருந்துகிறது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930களிலேயே வேதியியலாளர் எஸ். பரமசிவன் செப்புத்திருமேனிகளை வேதியியல் முறையில் காக்கும் பணியை வளர்த்ததை நினைத்தால், இத்தகைய கட்டுப்பாடு தமிழ் நிலத்திற்குப் புதியது என்றும் சொல்ல முடியாது.

இந்த எடைபோடலிலிருந்து நடைமுறைக்குரிய ஒரு வரிசை உருவாகிறது. முதலில் பெட்டியை எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்து, உட்புறச் சீட்டுகளைப் படியெடுத்து வைக்க வேண்டும். அடுத்து அழுக்கையும் மெருகையும் பிரித்தறிய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்த பின், சற்றே ஈரமான துணியால் துடைத்து மெழுகிட்டாலே பல கூடுகள் தேறிவிடும். மெருகு வெடித்திருந்தால் சுரண்டுவதற்கு முன், அதற்குரிய கரைப்பானால் அதே படலத்தை இளக்கி மீண்டும் படியவைக்க இயலுமா என்று பார்க்க வேண்டும். உளுத்த பலகையை அசிட்டோனில் கரையும் அக்ரிலிக் பிசினால் இறுக்கலாம். இழந்த வினியரை மட்டும் ஒட்டலாம். ஒட்டியதை உட்புறத்தில் நாளிட்டு எழுதி வைக்கலாம். முழுவதும் உரித்துப் புதிதாக மெருகிடுவது, மேற்படலம் முற்றிலும் அழிந்த கூட்டிற்கு மட்டுமே உரிய கடைசி வழி.

மீட்டமைப்பைச் செய்பவர்களிடம் மட்டும் இப்பொறுப்பைச் சுமத்துவது நேர்மையாகாது. மின்னும் பெட்டிக்கு அதிகக் கூலியும் அமைதியாகத் துடைத்த பெட்டிக்குக் குறைந்த கூலியும் கொடுப்பவர்கள் உடைமையாளர்களே. குறைவாகச் செய்வதற்கே அதிகத் தேர்ச்சி வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்து அதற்குரிய கூலியைக் கொடுத்தால்தான் கைவினைஞர் உப்புத்தாளைக் கீழே வைக்க முடியும். பழைய வானொலிக் கூட்டைப் புதுப்பிக்கும் வழக்கம் தொடர வேண்டியது. ஆனால் அதன் வெற்றியைப் பளபளப்பால் அளக்கும் பழக்கம் கைவிடப்பட வேண்டியது. எவ்வளவு பழைய பொருள் எஞ்சியிருக்கிறது, சேர்க்கப்பட்டதை நீக்க முடியுமா, பெட்டி பாடும்போது வீட்டார் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்னும் மூன்று கேள்விகளுக்கும் தயக்கமின்றி விடை சொல்லக்கூடிய வேலையே மீட்டமைப்பு என்னும் பெயருக்குத் தகுதியுடையது.