பேயிடம் பேசுதல்: ‘நீலவெளிச்சம்’, ‘காஞ்சனை’ கதைகளும் வாசகர் வினாவும்

முன்னுரை

பேய், காதல், நகை ஆகிய மூன்றும் கலந்த புனைகதைகளைக் குறித்து வாசகரிடையே இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. அவை பொழுதுபோக்கிற்கு உரியவை என்பது ஒன்று. எழுதியவர் பேயை நம்புகிறாரா என்னும் வினா மற்றொன்று. இவ்விரண்டுமே கதையுள் பேயாக வரும் பெண்ணைக் காணத் தவறுகின்றன. வைக்கம் முகம்மது பஷீரின் ‘நீலவெளிச்சம்’, புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’ ஆகிய சிறுகதைகளின் வழி இதனை விளக்க இக்கட்டுரை முயல்கிறது. தமிழும் மலையாளமும் அருகருகே வழங்கும் திருவனந்தபுரத்தில் இவ்விரு கதைகளையும் மூலமொழியிலேயே படிக்கும் வாசகர் உண்டு. புதுமைப்பித்தன் 1948இல் மறைந்ததும் இந்நகரிலேயே. எனவே இவ்வொப்பீட்டிற்கு இவ்விடம் பொருத்தமானதாகும்.

வாசகர் வினா

‘காஞ்சனை’ 1943இல் வெளிவந்தபோது அது வாசகர் பலரைக் குழப்பியது. ஆசிரியருக்குப் பேய் நம்பிக்கை வந்துவிட்டது என்று சிலர் முடிவு கட்டினர். அக்கதையின் பெயரால் அமைந்த தொகுப்பின் முன்னுரையில் புதுமைப்பித்தன் இதனைப் பதிவுசெய்து, தமக்கு நம்பிக்கை இல்லையென்றும் ஆயினும் அச்சம் உண்டென்றும் விடையளித்துள்ளார். நம்பிக்கையையும் அச்சத்தையும் பிரித்துக் காட்டும் இவ்விடை, வினாவையே திருத்தியமைக்கிறது. பஷீரோ வாசகர் கேட்கும்வரை காத்திருக்கவில்லை. நிகழ்ந்ததைத் தன்னால் விளக்க இயலவில்லை என்று கதையின் தொடக்கத்திலேயே கூறும் கதைசொல்லி, விளக்கும் பொறுப்பை வாசகரிடம் ஒப்படைத்துவிடுகிறான். ஆக, இரு படைப்புகளிலும் வாசகர் கருத்து கதைக்குப் புறம்பானதாக இல்லை.

மெய்ப்பாட்டு மரபு

இவ்வகைக் கதைகளைப் புதுவரவாகக் கருத வேண்டுவதில்லை. அச்சத்தின் நிலைக்களன்களுள் அணங்கை முதலாவதாக வைக்கிறது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். திருக்குறள் காமத்துப்பாலின் முதல் அதிகாரமாகிய ‘தகையணங்குறுத்தல்’ தலைவியின் அழகு வருத்துவதை அதே சொல்லால் சுட்டுகிறது. அச்சத்திற்கும் காதலுக்கும் ஒரு சொல்லே பொதுவாக நின்ற மரபு இது. வெறியாட்டுப் பாடல்களில் இவற்றுடன் நகையும் சேர்கிறது. தலைவியின் மெலிவிற்கு அணங்கே காரணம் எனத் தாய் கருத, வேலன் வெறியாடுகிறான். உண்மைக் காரணம் தலைவனே என்பதைத் தோழி அறிவாள். நற்றிணை 34ஆம் பாடலில் முருகனின் அறியாமையையே அவள் எள்ளுகிறாள். இங்கு நகைப்பிற்கு இடமாவது அணங்கு பற்றிய நம்பிக்கை மட்டுமன்று. நோயுற்றவளைக் குறித்து அனைவரும் பேச, அவளிடம் ஒருவரும் கேளாதிருப்பதும் ஆகும். இக்கூறே இரு கதைகளையும் அணுகுதற்குத் திறவுகோலாகிறது.

பேசுதலும் கண்காணித்தலும்

‘நீலவெளிச்ச’த்தின் கதைசொல்லி ஓர் எழுத்தாளன். முன்பணம் தந்து அவன் வாடகைக்கு எடுத்த பார்கவி நிலையத்தில், காதலில் ஏமாற்றப்பட்டுக் கிணற்றில் வீழ்ந்து இறந்த பார்கவி பேயாக உலவுகிறாள் என்பது ஊர்ப்பேச்சு. ஊரார் அவளைப் பற்றிப் பேசுகின்றனர். அவனோ அவளிடம் பேசுகிறான். அச்சத்தை மறைக்காமல் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறான். கிராமபோனில் பாடல்களை ஒலிக்கச் செய்து அவளையும் கேட்க அழைக்கிறான். இப்பேச்சின் வேடிக்கையில் மரியாதை உறைந்துள்ளது. இறந்தவள் இங்கு அஞ்சத்தக்க பொருளாக அல்லாமல் உடனுறைபவளாக நடத்தப்படுகிறாள். எண்ணெய் தீர்ந்து விளக்கணைந்த இரவில், மண்ணெண்ணெய் வாங்கி மீள்பவன் அறையில் காணும் நீல ஒளி இவ்வுறவின் விளைவாகவே வாசகர் மனத்தில் பதிகிறது.

‘காஞ்சனை’யிலும் கதைசொல்லி எழுத்தாளனே. தன் தொழில் ஏற்கப்பட்ட பொய் என்று தன்னையே எள்ளிக்கொள்ளும் அவனது நகை கூர்மையானது. எனினும் அந்நகை வீட்டிற்கு வந்த காஞ்சனையை நோக்கிச் செல்வதில்லை. அவளுடன் நெருங்கிப் பழகிக் கதை கேட்பவள் அவன் மனைவி. அவனோ ஐயத்தோடு அவளைக் கண்காணிக்கிறான். எனவே அச்சம் வளர்கிறது. காஞ்சனை மறைந்த பின்னும் அது தீர்வதில்லை. இறுதியில் ஆண்களைப் பற்றி மனைவி சலித்துக்கொள்வது வீட்டு வேடிக்கை போலத் தோன்றினும், கதைசொல்லியின் பார்வை மீதான தீர்ப்பாகவும் அதனைக் கொள்ளலாம்.

திரைப்படமாகிய வாசிப்பு

பஷீர் தம் கதையையே விரித்துத் திரைக்கதை எழுத, ‘காதலிக்க நேரமில்லை’யின் ஒளிப்பதிவாளர் அ. வின்சென்ட் இயக்கிய ‘பார்கவி நிலையம்’ 1964இல் வெளிவந்தது. இதே கதை 2023இல் ஆஷிக் அபு இயக்கத்தில் ‘நீலவெளிச்சம்’ என்னும் பெயரிலேயே மீண்டும் படமாயிற்று. சிறுகதை திறந்து விட்ட வினாவிற்கு 1964ஆம் ஆண்டுப் படம் விடை தருகிறது: பார்கவி தற்கொலை செய்துகொள்ளவில்லை, அவளும் அவள் காதலனும் கொல்லப்பட்டனர். இவ்விடையால் நீல ஒளியின் மர்மம் குறைகிறது. எனினும் ஊர்ப்பேச்சு பொய்யாகி, இறந்தவள்மேல் சுமத்தப்பட்ட பழி நீங்குகிறது. பேய் உண்டா என்பதைக் காட்டிலும் அப்பெண்ணுக்கு நேர்ந்தது என்ன என்பதே உரிய வினா என்று ஆசிரியரே தம் கதைக்கு இங்கு மறுவாசிப்பு நிகழ்த்தியுள்ளார்.

இதற்கு ஒரு தடை எழுப்பலாம். சிறுகதையில் பார்கவி ஒரு சொல்லும் பேசுவதில்லை, பேசுபவன் ஆணே. தன் தனிமைக்கு இணக்கமான ஒரு பேயை அவன் புனைந்துகொண்டான் என்றும் கூறலாம். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் அவளது மௌனத்தைத் தன் சொல்லால் நிரப்பி விடை கண்டதாக அவன் உரிமை கொண்டாடுவதில்லை. ஒளி எங்கிருந்து வந்தது என்னும் வினாவோடு கதை நின்றுவிடுகிறது.

நிறைவாக

நகை கலந்த பேய்க்கதையை எளிய பொழுதுபோக்கு என ஒதுக்குவதும், ஆசிரியரின் நம்பிக்கையைச் சோதிக்கும் ஆவணமாக்குவதும் ஒரே பிழையின் இருமுகங்கள். வெறியாட்டுக் களத்தின் தாயைப் போன்றே இவ்விரு வாசிப்பும் உரியவளிடம் கேளாது விடுகின்றன. பார்கவியிடம் பேசியவனுக்கு ஒளி கிட்டியது. காஞ்சனையைக் கண்காணித்தவனுக்கு அச்சம் எஞ்சியது. நகை பேசும் துணிவைத் தருகிறதா, விலகி நிற்கும் வசதியைத் தருகிறதா என்பதே இவ்வகைப் படைப்புகளை மதிப்பிடும் அளவுகோலாக அமைதல் வேண்டும்.