இல்லாத கையும் கற்கும் மூளையும்

மூளை எவ்வாறு கற்கின்றது என்னும் வினா உளநூலார்க்கும் ஆசிரியர்க்கும் பொதுவானது. ஒருங்கே தொழிற்படும் நரம்புக் கலங்களின் தொடர்பு வலுப்பெறுவதே கற்றலுக்கு அடிப்படை என்னும் கருத்தைக் கனடிய அறிஞர் டொனால்ட் ஹெப் 1949இல் முன்வைத்தார். முதிர்ந்தோர் மூளையும் மாறவல்லது என்பதைப் பொதுமக்கள் அறியச் செய்த நூல்களுள் ஒன்று, தமிழ்நாட்டிற் பிறந்து சென்னை ஸ்ரான்லி மருத்துவக் கல்லூரியிற் பயின்ற வி. எஸ். இராமச்சந்திரன், சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் இணைந்து 1998இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘மூளையில் மாயத் தோற்றங்கள்’ எனப் பொருள்படும் நூலாகும்.

கையிழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சினால் தொட, அவர் அத்தொடுகையை இல்லாத கையின் விரல்களிலும் உணர்ந்தார். மூளைப் புறணியில் முகத்துக்குரிய பகுதி கைக்குரிய பகுதியின் அயலிலே உள்ளது. ஒருவர் கைவிட்ட கரைவலைப் பாட்டில் அயலவர் வலை வளைப்பதுபோல, வெறுமையான கைப்பகுதியில் முகவுணர்வு புகுந்தது என்பது நூலின் விளக்கம். அசைக்கவியலாத மாயக் கை, மூளை கற்றுக்கொண்ட முடக்கமே எனக் கருதிய ஆசிரியர், கண்ணாடிப் பெட்டியில் நல்ல கையின் விம்பத்தைக் காட்டி அதனை மறக்கச் செய்ய முயன்றார்.

பஞ்சும் கண்ணாடியும் கொண்டு பெரிய வினாக்களை எழுப்பியமை நூலின் சிறப்பு. சிலரிடம் கண்டதைக் கொண்டு பெரியதொரு முடிபுக்கு விரைந்தமை அதன் குறை. கையிழந்தோர் மாயக் கையை அசைக்க முனைகையில் பழைய கைப்பகுதியே தொழிற்படுகின்றது என்றும், நோவு மிக்கோரிடம் அப்பகுதி நன்கு பேணப்பட்டுள்ளது என்றும் தமர் மேக்கின் குழுவினர் 2013இல் காட்டினர். 2025இல் வெளியான ஆய்வொன்று, 3 பேரைக் கை நீக்கப்படுமுன்னும் பின்னும் ஆராய்ந்து, மூளையின் கைப்படம் பெரிதும் மாறாதிருத்தலைக் கண்டது. அயலவர் வலை வளைத்தாலும் பாட்டின் உரிமை மாறவில்லை போலும்! கண்ணாடிச் சிகிச்சை சிலருக்குப் பயன்படினும், அதன் பலன் எல்லோரிடத்தும் ஒரு படித்தன்று. மருந்து பயன்படுவதனால் மட்டும் அதற்குரைத்த விளக்கம் மெய்யாகிவிடாது.

எனினும், 2009 வரை நீடித்த போரிலே அவயவம் இழந்தோர் வாழும் திருகோணமலை மாவட்டத்தில் இந்நூல் வெறும் ஏட்டுச் செய்தியன்று. இல்லாத கை நோகின்றது என்பவன் பித்தனல்லன், பொய்யனுமல்லன் என்பதை அது நிலைநாட்டுகின்றது. விளக்கம் திருத்தப்படலாம், நோவுற்றவன் சொல்லுக்குச் செவிசாய்த்த அதன் நெறி திருத்தப்பட வேண்டியதன்று. வகுப்பறையில் “எனக்கு விளங்கவில்லை” என்னும் மாணவனுக்கும் அந்நெறி உரியதே.