உழைப்பால் பழி தீருமா?

உழைப்பாளியான தந்தையைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஒரே வழியில் செல்லும். பிறந்த நாட்டை விட்டு வந்தான், ஓயாது உழைத்தான், பிள்ளையைப் படிக்க வைத்தான், ஆகவே அவன் நல்லவன் என்று முடியும். இந்த ‘ஆகவே’ சரிதானா என்று கேட்கத் துணியும் நூல் அரிது. எட்விட்ஜ் டான்டிகா அம்மையார் ஆங்கிலத்தில் எழுதி 2004-இல் வெளிவந்த நூல் அவ்வாறு கேட்கிறது. அதன் பெயரைத் தமிழில் ‘பனித்துளி உடைப்பவன்’ எனலாம்.

அம்மையார் 1969-இல் ஹைத்தி நாட்டின் தலைநகரில் பிறந்தவர். 1981-இல், பன்னிரண்டாம் வயதில், நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் வாழ்ந்த பெற்றோரிடம் வந்து சேர்ந்தவர். ‘பனித்துளி உடைப்பவன்’ என்பது ஹைத்தி மக்களின் பேச்சு வழக்கு. விடியற்காலையில், புல்லின் மேல் பனி உலருமுன், வீடு தேடி வந்து ஆளைப் பிடித்துச் செல்பவனை அது குறிக்கும். இத்தனை அழகிய சொல்லுக்கு இத்தனை கொடிய பொருளா என்று திகைக்கிறோம். நூல் முழுவதும் அந்தத் திகைப்பு நீங்குவதில்லை.

கதையின் பின்னணியைச் சிறிது அறிந்துகொள்வது நலம். 1957-இல் ஹைத்தியின் ஆட்சிக்கு வந்த பிரான்சுவா துவாலியே, நாட்டின் இராணுவத்தையே நம்பவில்லை. ஆகவே 1959-இல் தமக்கென்று ஒரு தொண்டர் படையை அமைத்தார். நீல உடையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்த அப்படையினரை மக்கள் ‘தோந்தோன் மக்கூத்’ என்றனர். குறும்பு செய்யும் குழந்தைகளைச் சாக்கில் போட்டுத் தூக்கிச் செல்லும் பாட்டிக் கதைப் பூச்சாண்டியின் பெயர் அது. படையினரில் பெரும்பாலோருக்குச் சம்பளம் இல்லை. மக்களை மிரட்டிப் பறித்ததே வருவாய். துவாலியே 1971-இல் இறந்தபின் அவர் மகன் ஆண்டார். 1986-இல்தான் அக்குடும்ப ஆட்சி ஒழிந்தது.

நூலில் 9 கதைகள். தனித்தனியே படிக்கலாம், சேர்த்துப் படித்தால் ஒரு நாவலாகும். முதற்கதையில் வரும் தந்தை, புரூக்ளினில் முடிதிருத்தும் கடை நடத்துபவன். அடக்கமானவன், பண்டைய எகிப்தின் சிற்பங்களில் ஈடுபாடு கொண்டவன். மகளுக்குக் ‘கா’ என்று எகிப்தியப் பெயர் வைத்திருக்கிறான். அவன் கன்னத்தில் நீண்ட வடு ஒன்று உண்டு. சிறையில் வதைபட்ட கைதியென அவனை நம்பி வளர்ந்த மகள், முழந்தாளிட்ட கைதியாக அவன் உருவை மரத்தில் செதுக்குகிறாள். அச்சிலையை வாங்க இருந்தவரிடம் சேர்க்க இருவரும் புளோரிடாவுக்குச் செல்கின்றனர். அங்கே தந்தை சிலையை ஏரியில் எறிந்துவிடுகிறான். தான் சிலைக்குத் தகுதியற்றவன் என்கிறான். சிறையில் தான் அடிபட்டவன் அல்லன், அடித்தவன் என்று மகளிடம் கூறுகிறான். அந்த வடு, அவனால் வதைபட்ட ஒருவர் இட்டது.

கதைகளை அடுக்கியுள்ள முறையிலேயே ஆசிரியரின் திறம் விளங்குகிறது. முதலில் தந்தையை அறிமுகப்படுத்தி நம் அன்பைப் பெற்றுக் கொடுக்கிறார். பிறகு, அவனால் கெட்ட குடிகளைக் காட்டுகிறார். மணப்பெண்களுக்கு ஆடை தைக்கும் பெண் ஒருத்தி; நடனத்துக்கு வர மறுத்ததற்காக அவள் உள்ளங்கால்கள் கிழிய அடிக்கப்பட்டன. அமெரிக்காவிலும் அவன் தன் தெருவில் குடியிருப்பதாகவே அவள் அஞ்சுகிறாள். அவள் சுட்டும் வீடோ வெறும் வீடு. பெற்றோரை இழந்த இளைஞன் ஒருவன், அவனுடைய வீட்டிலேயே வாடகைக்குக் குடியிருக்கிறான். உறங்குபவன் அருகே பழி தீர்க்கச் சென்றும், ‘ஆள் இவன்தானா?’ என்ற ஐயத்தால் திரும்பி விடுகிறான். கடைசிக் கதையில்தான் 1960-களின் சிறைக்கூடம் நம் கண்முன் வருகிறது; அங்கே ஒரு சமய போதகரை அவன் கொல்கிறான்.

அவன் ஏன் அப்படி ஆனான் என்பதையும் ஆசிரியர் மறைக்கவில்லை. அதிகாரம் படைத்தோர் அவன் குடும்பத்தின் நிலத்தைப் பறித்தனர்; தந்தை சித்தம் கலங்கினான்; பிள்ளை படையில் சேர்ந்தான். இது காரணமாகுமே தவிர நியாயமாகாது. நிலத்தை இழந்தவர் எல்லாரும் சாட்டையை எடுக்கவில்லை அல்லவா?

இதனோடு அம்மையார் தம் சொந்தத் தந்தையைப் பற்றி 2007-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலையும் வைத்துப் படிக்க வேண்டும். அவரும் புரூக்ளின்வாசி, வாடகைக் கார் ஓட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். ஹைத்தியில் காலணிக் கடையில் வேலை பார்த்தபோது, மக்கூத்துகள் கடைக்குள் புகுந்து நல்ல காலணிகளைக் கேட்பதைக் கண்டு அஞ்சியவர். முடிதிருத்துபவன், கார் ஓட்டுபவர் ஆகிய இருவரையும் ஒரே தெருவில் பார்த்தால் நமக்கு வேறுபாடு தெரியாது. இருவர் கையிலும் உழைத்த தழும்பு உண்டு. ஒருவர் கை தூயது; மற்றவன் கை அன்று. உழைப்பு ஒருவனுடைய வயிற்றையும் குடும்பத்தையும் காக்கும். பிறருக்கு இழைத்த தீங்கைக் கழுவாது. இரு நூல்களையும் சேர்த்துப் படிப்போர் பெறும் தெளிவு இதுவே.

குறை ஒன்றும் சொல்லத்தான் வேண்டும். கொடியவனுக்கு மனைவி, மகள், கடந்த காலம், மனமாற்றம் எல்லாம் விரிவாகக் கிடைக்கின்றன. துன்புற்றவர்களோ ஒவ்வொரு கதையில் தோன்றி மறைகின்றனர். தையற்காரியின் வாழ்வை இன்னும் சில பக்கம் பார்க்க மனம் ஏங்குகிறது. ஆனால் உலகியலும் அதுதான் என்று ஆசிரியர் விடையளிக்கக் கூடும். வதைத்தவன் பெயரை மாற்றிக்கொண்டு புது வாழ்வு தொடங்கலாம். வதைபட்டவர் தம் உள்ளங்காலை மாற்றிக்கொள்ள முடியாது.

மன்னிப்பு உண்டா என்ற கேள்விக்கு நூல் விடை கூறவில்லை. மகள் மன்னித்ததாகவும் இல்லை, வெறுத்து ஒதுக்கியதாகவும் இல்லை. அதுவே நேர்மை. மன்னிக்கும் உரிமை மகளுடையதன்று, அடிபட்டவருடையது. அவர்களோ அவன் முன்னிலையில் இல்லை.

‘என் தந்தை’ என்று கட்டுரை எழுதச் சொல்லி, உழைப்பைப் புகழ்ந்த பிள்ளைக்கு மதிப்பெண் தருகிறோம். தருவதில் தவறில்லை. உயர் வகுப்பு மாணவரிடம் இன்னொரு கேள்வியையும் கேட்கலாம்: அந்த உழைப்பாளி பிறரிடம் எப்படி நடந்துகொண்டார்? இந்நூலைப் படித்த ஆசிரியர் அக்கேள்வியைக் கேட்கத் தயங்கமாட்டார்.