மீதி ஒன்று வரவேண்டும்

துபாயில் சம்பளம் வாங்கும் யாருடைய ஃபோனிலும் ஓர் ஐபான் நம்பர், அதாவது சர்வதேச வங்கிக் கணக்கு எண், இருக்கும். ‘ஏஇ’ என்று தொடங்கி மொத்தம் 23 இடங்கள். கம்பெனி ஹெச்.ஆர். கேட்டால் வாட்ஸப்பில் அனுப்புவோம், அத்தோடு மறந்துவிடுவோம். அதற்குள் 25 இலக்க முழு எண் ஒன்று இருக்கிறது. யாருடையதாக இருந்தாலும் அதற்கு ஒரு குணம் மாறாது: 97-ஆல் வகுத்தால் மீதி 1.

அந்த எண்ணை வெளியே எடுப்பது எளிது. முதல் நான்கு இடங்களைப் பெயர்த்துக் கடைசியில் ஒட்டுங்கள். ‘ஏ’ வந்த இடத்தில் 10, ‘இ’ வந்த இடத்தில் 14 போடுங்கள். உலக ஐபான் பதிவேட்டில் அமீரகத்துக்குக் கொடுத்திருக்கும் மாதிரி எண் ஏஇ07 0331 2345 6789 0123 456. அது இப்படி ஆகும்: 0331234567890123456101407.

கால்குலேட்டரை ஒதுக்கி வையுங்கள், ரசனையே கையால் போடுவதில்தான். 100-ஐ 97-ஆல் வகுத்தால் மீதி 3. அதனால் முதல் இலக்கத்தைத் தனியே விட்டு, மற்றவற்றை இரண்டிரண்டாகப் பிரியுங்கள். கையில் உள்ள மீதியை மூன்றால் பெருக்கி, அடுத்த ஜோடியைக் கூட்டி, 97-க்கு மேல் போனால் 97, 97-ஆகக் கழியுங்கள். 33-இல் தொடங்கினால் அடுத்து 99+12=111, மீதி 14. பிறகு 76, 90, 57, 67, 19, 91, 38, 27, 95 என்று ஏறி இறங்கி, கடைசியில் 285+7=292. அதிலிருந்து 291 போனால் 1. அந்த 1 வந்து விழும்போது ஒரு சின்ன சந்தோஷம் வரத்தான் செய்கிறது.

இனி வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். கணக்கு எண்ணின் கடைசி 56-ஐ 65 என்று மாற்றி எழுதினால் மீதி 50. அவசரத்தில் நாம் அடிக்கடி செய்யும் தப்புகளில் இதுவும் ஒன்று. இதைப் பிடிக்கத்தான் 97. இரண்டு இலக்கப் பகா எண்களில் பெரியது அது. ஓர் இலக்கம் மாறினாலும், அடுத்தடுத்த இரண்டு இலக்கம் இடம் மாறினாலும், வரும் வித்தியாசத்தை 97 ஒருபோதும் மீதியின்றி வகுக்காது. பர்ஸில் இருக்கும் ஏ.டி.எம். கார்டுக்கும் ஒரு சரிபார்ப்பு உண்டு, ஐ.பி.எம்.மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமை கேட்ட முறை. 09 என்பது 90 ஆனால் அதற்குத் தெரியாது. என் ஓட்டு ஐபானுக்கே.

சவுதியில் 24 இடங்கள், கத்தாரில் 29, குவைத்தில் 30. நீளம்தான் வேறு, மீதி அங்கும் ஒன்றே. குவைத், கத்தார் எண்களின் நடுவிலும் எழுத்துகள் வருவதால் கணக்கு இன்னும் நீளும். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு உகந்தது.

உங்கள் எண்ணையே போட்டுப் பாருங்கள், முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். இன்னொன்று: மீதி 1 வந்தால் எண் அநேகமாகப் பிசகவில்லை என்றுதான் அர்த்தம். அது யாருடைய கணக்கு என்று 97-க்குத் தெரியாது. பணம் அனுப்புமுன் பெயரையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.